ஆய்தத்தில் ஒரு புள்ளி குறைவு

அங்கம்மா பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். ஷார்ப்பனரில் வைத்துத் திருகினால் வண்ணப் பென்சிலின் முனை உள்ளேயே முறிந்து நின்றுவிடும். அதனால் வெங்காயம் நறுக்கும் சின்னக் கத்திதான். மடியில் பழைய நாளிதழ். கத்தியின் முதுகைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி மரத்தை மட்டும் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் நிறத்தைச் சுரண்டக் கூடாது. முதியோர் இல்லத்தில் முப்பது பேருக்கு நகம் வெட்டுகிற கை அது. அவசரப்படாது, நடுங்கவும் செய்யாது.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், பெர்மாஸ் ஜெயாவின் வரிசை வீடுகளில் அவள் வீடும் சுபத்திரா டீச்சரின் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. டீச்சர் வாரம் முழுக்கப் பூனை வரைவார். சனிக்கிழமை மத்தியானம் வேலை விட்டு வந்ததும் அங்கம்மா பென்சில்களைச் சீவிக் கொடுப்பாள். அதற்கு ஒரு தேநீர், கடையில் வாங்கிய பலகாரம், ஒரு மணி நேர வாய்ச்சண்டை. இப்படி ஆறு மாதமாக நடக்கிறது.

டீச்சர் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார்.

"அங்கம்மா, கடைப்பக்கம் போனா ஒரு கறுப்புப் பென்சில் வாங்கி வாரும். இருந்தது துலைஞ்சு போச்சு."

"பெட்டியில ரெண்டு இருக்கே டீச்சர்."

"எங்கை?"

"உங்க கண்ணு முன்னாடிதான் லா."

டீச்சர் குனிந்து பார்த்தார். தகரப் பெட்டியின் வலது ஓரத்தில் தொடங்கி நடுப்பகுதி வரைக்கும் அவர் கண் வந்தது. அங்கே நின்றது. "இல்லையே" என்று நிமிர்ந்துவிட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னாலும் இதே கதைதான். கறுப்பு தொலைந்துவிட்டது என்றார். அங்கம்மா புதிதாக ஒன்று வாங்கிவந்து பெட்டியின் இடது கோடியில் செருகப் போனால் பழையது அங்கேயே இருந்தது. "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க" என்று சிரித்தாள். டீச்சரும் சிரித்தார். இப்போது அங்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியை மடியில் வைத்து நன்றாகப் பார்த்தாள். வலது பக்கத்துப் பென்சில்கள் சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்தன. இடது பக்கத்துப் பென்சில்கள் போன வாரம் அவள் சீவி அடுக்கிய கூர் மழுங்காமல் அப்படியே இருந்தன. அந்தப் பக்கம் யாருடைய கையும் போகவே இல்லை.

வரும்போது வாசலில் இன்னொன்றையும் பார்த்திருந்தாள். டீச்சருடைய மைவி காரின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்து, நாடா ஒட்டித் தொங்கியது. கதவு நெடுக ஒரு கீறல்.

"கார்ல என்ன ஆச்சு டீச்சர்?"

"எவனோ மோட்டார் சைக்கிள்காரன் இடிச்சிட்டு ஓடிட்டான். நிறுத்தி வைச்ச இடத்தில."

"நாளைக்கு யோங் பெங் போறேன்னீங்க?"

"ஓம். பிரவீனா வீடு குடி புகுறாள். ரெண்டாம் வகுப்பில எனக்கு முன்னால இருந்து மூக்கு நோண்டின பிள்ளை, இப்ப வங்கியில மேலாளர். ஆறரைக்கு வெளிக்கிட்டா எட்டுக்குப் போய்ச் சேரலாம்."

"தனியா?"

"வேற யார், நீர் வாறீரோ?"

அங்கம்மா கத்தியைக் கீழே வைத்தாள். நாளைக் காலை ஆறரை மணிக்கு இந்த மனுஷி நெடுஞ்சாலையில் தனியாகக் கார் ஓட்டப் போகிறார். அதற்குள் ஒன்றைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

பூனையைப் பற்றிச் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும். பூனையின் பெயர் ஆய்தம். டீச்சர் முப்பத்தைந்து வருடம் தமிழ்ப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். பதினான்கு வருடத்துக்கு முன் கால்வாயில் நனைந்து கிடந்த குட்டியைத் தூக்கி வந்து துவட்டியபோது அதன் வெள்ளை நெற்றியில் மூன்று கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. மேலே ஒன்று, கீழே இரண்டு, அச்சில் வார்த்த மாதிரி. வேறு பெயர் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. முகத்தை நேராகப் பார்த்தால் இடப்பாதி கறுப்பு, வலப்பாதி செம்மஞ்சள்.

"தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல இத அக்குன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க" என்று அங்கம்மா பூனையை அக்கு என்றே கூப்பிடுவாள்.

"அக்கு எண்டு ஒரு எழுத்து தமிழில இல்லை."

"பூனைக்குத் தெரியுமா அது? அக்குன்னா வருது."

இந்த வருடம் ஜனவரியில் மிருக வைத்தியர் பூனைக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாகவும், வருடம் தாண்டுவது கஷ்டம் என்றும் சொல்லிவிட்டார். டீச்சர் அழவில்லை. கடைக்குப் போய் இருபத்து நான்கு வண்ணப் பென்சில் பெட்டி ஒன்றும் தடித்த தாளும் வாங்கிவந்தார். புகைப்படம் எடுத்தால் போதாதா என்று மகன் பிரேமகுமார் கேட்டதற்கு, "படம் எடுக்கிறது கைப்பேசி. வரையிறது நான்" என்றார். கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரி கையை மட்டும் காட்டிக் கற்றுக்கொடுத்தாள். அழுத்தாமல் மேலுக்கு மேல் பூச வேண்டும். ரோமம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கோடு போக வேண்டும். மை தீர்ந்த பேனாவால் மீசையை முதலில் அழுத்திக் கீறிவிட்டு அதன்மேல் நிறம் தீட்டினால் மீசை வெள்ளையாக மிஞ்சும். அறுபத்தொன்பது வயதில் டீச்சர் இதையெல்லாம் நோட்டில் எழுதிவைத்துப் படித்தார். ஒவ்வொரு படத்துக்கும் வலது மேல் மூலையில் தேதி போட்டு, சிவப்புப் பென்சிலால் தனக்குத்தானே பத்துக்கு மதிப்பெண்ணும் போட்டுக்கொண்டார். முதல் படத்துக்கு மூன்று. "பூனை மாதிரி இல்லை, ஆமைக்கு மீசை முளைச்ச மாதிரி இருக்கு" என்று அங்கம்மா சொன்னதற்கு, "அதுதான் மூண்டு போட்டிருக்கிறன்" என்றார்.

அதிலிருந்து தெருவே பூனைக்குத்தான் நாள் எண்ணியது. பூனையோ தின்று தூங்கி எழுந்து சுவரேறிக் குதித்துக்கொண்டுதான் இருந்தது.

இப்போது அங்கம்மா தேநீரை ஓரமாக நகர்த்தினாள். முதலில் மறதியைப் பார்ப்போம் என்று நினைத்தாள்.

"இன்னைக்கு என்ன தேதி டீச்சர்?"

டீச்சர் தேதியும் கிழமையும் சொன்னார். அமாவாசை எப்போது என்றும் சேர்த்துச் சொன்னார்.

"பிரவீனாகூடப் படிச்ச பிள்ளைங்க யார் யாரு?"

"கவின், ரூபேந்திரன், ரெண்டு மகேஸ்வரன், ஒருத்தன் கறுவல் ஒருத்தன் குள்ளன், வசந்தன்... என்ன அங்கம்மா, உம்மடை இல்லத்தில கிழடுகளைக் கேக்கிற கேள்வியெல்லாம் என்னை வந்து கேக்கிறீர்?"

மூளை கத்தி மாதிரி இருந்தது. மறதி இல்லை. மறதியாக இருந்திருந்தால் தேவலை என்று அங்கம்மாவுக்குப் பட்டது.

பலகாரத் தட்டில் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் நாலு இருந்தன. அங்கம்மா அவற்றை இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டாகப் பிரித்து டீச்சரின் நேர் முன்னால் வைத்தாள். "எனக்கு வேணாம், நீங்க சாப்பிடுங்க" என்று உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் வலப்பக்கத்து இரண்டையும் தின்றார். கையைத் துடைத்தார்.

"ரெண்டுதானே வாங்கினனான். உமக்கு ஒண்டுகூட மிஞ்சேல்லை."

இந்தத் தட்டை அங்கம்மா ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

அவள் பிறந்தது சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில். ஆறாம் வகுப்போடு நிறுத்தி, பன்னிரண்டு வயதில் உதிரிப் பழம் பொறுக்கப் போனாள். லாரி ஓட்டும் செல்லப்பனைக் கட்டினாள். மாமியார் வெள்ளையம்மா ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். இடது கையும் காலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கிவந்த பிறகு, அங்கம்மா ஆக்கிப்போட்ட சோற்றில் வெள்ளையம்மா எப்போதும் பாதியைத் தின்று பாதியை அப்படியே விட்டார். கோடு கிழித்த மாதிரி பாதி. அங்கம்மா அதை அவமானமாக எடுத்துக்கொண்டாள். என் கைச்சோறு இறங்கவில்லை, நாலு பேர் பார்க்க ஒதுக்கிவைக்கிறாள் என்று நினைத்தாள். "படுத்த படுக்கையிலயும் திமிரு குறையல பாரு" என்று தட்டை வெடுக்கென்று எடுத்துப் போய்க் கோழிக்குக் கொட்டினாள். வெள்ளையம்மா "பசிக்குதுடி" என்பார். "முன்னாடி இருந்தத தின்னுருக்கணும்" என்பாள் இவள். ஐந்து மாதம் அப்படிப் போனது. கடைசியில் கிழவி குச்சியாகப் போய்ச் செத்தார்.

அதற்கு ஒன்பது வருடத்துக்குப் பிறகு, பாசிர் கூடாங்கில் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டதால், அங்கம்மா ஆறு மாதப் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தாள். ஒரு நாள் பயிற்சி கொடுக்கிற அம்மாள் மேசையில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்தார். மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு உலகத்தில் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விடும், கண் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பக்கம் அவர்களுக்கு இல்லை, பாதிச் சோற்றை விட்டால் திட்டாதீர்கள், தட்டைத் திருப்பி வையுங்கள் என்றார். சொல்லிவிட்டுத் தட்டை அரை வட்டம் திருப்பினார். அவ்வளவுதான். அங்கம்மா எழுந்து கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மீதிப் பாடத்தை எழுதிக்கொண்டாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் அன்றிலிருந்து இருபது வருடமாக அவள் பார்க்காத தட்டு இல்லை.

இப்போது அவள் கையை நீட்டி டீச்சரின் தட்டை அரை வட்டம் திருப்பினாள்.

"ஓ" என்றார் டீச்சர். "இன்னும் ரெண்டு இருக்கே. எப்ப வைச்சனீர்?"

ஆய்தம் மேசைமேல் ஏறி டீச்சரின் இடப்பக்கமாக நடந்து வந்து அவர் கையில் தலையை முட்டியது. டீச்சர் திடுக்கிட்டு விலகினார்.

"இது கொஞ்ச நாளா பேய் மாதிரித்தான் வருது. வாறதும் தெரியேல்லை, போறதும் தெரியேல்லை. சாகப் போற பூனை அப்பிடித்தான் ஆக்கும்."

அங்கம்மா பூனையைப் பார்க்கவில்லை. "படங்களக் கொண்டாங்க டீச்சர். எல்லாத்தையும்."

உறையில் இருபத்தேழு படங்கள் தேதி வரிசையில் இருந்தன. அங்கம்மா பென்சிலைத்தான் வாராவாரம் பார்த்தாளே தவிர, படங்களை ஒழுங்காகப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏப்ரலில் பூனை பூனையாகிவிட்டது. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் செம்மஞ்சள், இரண்டு பச்சைக் கண்கள், நெற்றியில் ஃ. பத்துக்கு ஆறு. ஜூன் படத்தில் இடது கண் இல்லை. அந்தப் படம் அங்கம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அன்று பேசியது அவள்தான்.

அப்போதுதான் கோயில் கும்பாபிஷேகம் முடிந்திருந்தது. திரைக்குப் பின்னால் ஸ்தபதி அம்மனுக்குக் கண் திறக்கிறார் என்று வெளியே இரண்டு பேரும் வெயிலில் நின்றிருந்தார்கள். மறுவாரம் ஒற்றைக் கண் பூனையைப் பார்த்ததும் அங்கம்மா, "என்ன டீச்சர், ஒரு கண்ண இன்னும் திறக்கலியா? நல்ல நாள் பாத்துத் திறக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். டீச்சர் ஒரு நொடி விழித்தார். எதைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்கிற பழக்கமும் முப்பத்தைந்து வருட டீச்சருக்கு இல்லை. "ஓம், ஓம். வெள்ளிக்கிழமை திறப்பம்" என்றார். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அங்கம்மா, "கண்ணு திறந்தாச்சா?" என்று கேட்பதும், டீச்சர் "அடுத்த வெள்ளி" என்பதும் வேடிக்கையாகிவிட்டது. காரணத்தைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தது அவளேதான். இருபது வருடம் தட்டைப் பார்த்தவள், இரண்டு மாதம் அந்தக் காரணத்தைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள்.

ஜூலைப் படங்களில் இடது காது போனது. மீசை வலப்பக்கம் மட்டும். ஆகஸ்ட் படங்களில் இடது கன்னமே இல்லை. பூனை தாளின் வலது ஓரத்துக்கு ஒதுங்கி, சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது போல நின்றது. கோடுகள் மட்டும் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே வந்தன. மதிப்பெண்ணும் ஏறிக்கொண்டே வந்தது. ஏழு, எட்டு. நேற்றைய தேதி போட்ட கடைசிப் படத்தில் பாதிப் பூனை. அதற்குப் பத்துக்கு ஒன்பது, கீழே "மிக நன்று".

நெற்றியைப் பார்த்தாள். இரண்டு புள்ளிகள். மேலே ஒன்று, கீழே வலப்பக்கம் ஒன்று.

கண்ணை நாள் பார்த்துத் திறக்கலாம். ஆய்தத்தில் ஒரு புள்ளியை நாள் பார்த்து வைக்கிற தமிழ் டீச்சர் எந்த ஊரிலும் கிடையாது.

"டீச்சர், ஒரு ஆய்த எழுத்து எழுதிக் காட்டுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"எழுதுங்க லா. எனக்கு மறந்துபோச்சு."

டீச்சர் சிவப்புப் பென்சிலை எடுத்து நாளிதழின் ஓரத்தில் நிதானமாக எழுதினார். மேலே ஒரு புள்ளி. கீழே, வலப்பக்கம், ஒரு புள்ளி. பென்சிலை வைத்தார்.

"எத்தனை புள்ளி டீச்சர்?"

"மூண்டு" என்றார் டீச்சர். குரலில் ஒரு சந்தேகமும் இல்லை.

வெளியே ரொட்டி விற்கிறவனின் மோட்டார் மணி அடித்துக்கொண்டு போனது.

"காலையில தலை வலிக்குதா?"

"எப்பவாவது. ஆருக்குத்தான் வலிக்கேல்லை?"

"வாந்தி?"

"அங்கம்மா!"

"உங்களுக்கு இடப்பக்கம் தெரியல டீச்சர். கண்ணுல கோளாறு இல்ல, மூளையில. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்கு நீங்க கார் ஓட்டக் கூடாது."

டீச்சர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நீர் என்ன, டொக்டரோ?"

"இல்ல. மலம் அள்றவ. ஆனா இத நான் பாத்திருக்கேன்."

"நாற்பத்தொரு வருஷமா ஓட்டுறன். ஒரு பொலிஸ் சம்மன் கிடையாது."

"கண்ணாடி உடஞ்சு தொங்குது."

"அது மோட்டார்க்காரன் இடிச்சது எண்டு சொன்னனான்!"

"மோட்டார்க்காரன் இடிக்கல. நீங்க எதையோ இடிச்சிருக்கீங்க, எதைன்னு உங்களுக்கே தெரியாது. நம்ம ஊர்ல மோட்டாரெல்லாம் எந்தப் பக்கம் வருது? இடப்பக்கம். காலையில ஈசல் மாதிரி வருவானுங்க. நானும் மோட்டார்ல அந்தப் பக்கந்தான் தினமும் போறேன். நீங்க ஸ்டியரிங்கத் திருப்பினா நான் அங்க இருக்கறதே உங்களுக்குத் தெரியாது."

"சும்மா இரும். எனக்கு வயசு போச்சு எண்டு காட்டத்தானே இவ்வளவும்? நாளைக்குப் போறன். இனிப் பென்சில் சீவவும் வரத் தேவையில்லை."

அங்கம்மா எழுந்தாள். இந்த நோயாளிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பொய்யில்லை, பிடிவாதமும் இல்லை. இல்லாத பக்கத்தை இல்லை என்று எப்படி ஒருவர் உணர முடியும்? வாதாடிப் பயனில்லை என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள்.

முற்றத்துக்குப் போய்ச் சிங்கப்பூரில் இருக்கும் பிரேமகுமாரைக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, நேத்துக்கூட வீடியோவுல பார்த்தேனே. நல்லாத்தான் இருந்தாங்க."

"முகத்தப் பாத்தா நல்லாத்தான் இருப்பாங்க. நீ படத்தப் பாரு, அனுப்பறேன். ஏப்ரல் ஒண்ணு, நேத்து ஒண்ணு."

அனுப்பினாள்.

"ஆன்ட்டி, இது என்ன?"

"என்னன்னு டாக்டர்தான் சொல்லணும். நாளைக்கு உங்கம்மா ஆறரைக்கு யோங் பெங் போறாங்களாம், தனியா."

"ஐயோ, விடாதீங்க. நான் காலையிலதான் ஆன்ட்டி வர முடியும், இன்னைக்கு ஷிப்டு. அஞ்சு மணிக்குக் கிளம்பினாலும் எல்லைப் பாலத்துல எவ்ளோ நேரமாகும்னு சொல்ல முடியாது. காரோட மாத்துச் சாவி என்கிட்ட இருக்கு. வீட்ல இருக்கற கார்ச் சாவிய எப்படியாவது எடுத்து மறைச்சு வச்சிருங்க."

மறைத்துவைப்பது அங்கம்மாவுக்குப் பிடிக்கவில்லை. சாவியைத் திருடினால் டீச்சர் கத்துவார், தெருவைக் கூட்டுவார், ரத்த அழுத்தம் எகிறும். அதோடு, திருடினாள் என்ற பெயரோடு நாளைக்கு அவரை எந்த வண்டியிலும் ஏற்ற முடியாது.

உள்ளே வந்தாள். டீச்சர் மறுநாளைக்கான சாமான்களைச் சாப்பாட்டு மேசையில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். கைப்பை, மூக்குக்கண்ணாடி, பிரவீனாவுக்குக் குத்துவிளக்கு, கார்ச் சாவி. சுவரோடு ஒட்டிப் போட்ட நீள மேசை, ஒரே பக்கத்திலிருந்துதான் அதைப் பார்க்க முடியும். டீச்சர் விளக்கைச் சுற்றக் காகிதம் எடுக்க அறைக்குள் போனார்.

அங்கம்மா சாவியை எடுத்து மேசையின் இடது கோடியில், பூனையின் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடவில்லை, ஒளிக்கவில்லை. அதில் கோத்திருந்த சிவப்புக் குஞ்சம் வாசலில் நிற்கிறவர்களுக்கும் தெரியும். படங்கள் இருந்த உறையையும் அதன் பக்கத்திலேயே வைத்தாள். இது வேலை செய்தால் அவள் நினைத்தது சரி. வேலை செய்யாமல் போனால் டீச்சர் நல்லபடியாக யோங் பெங் போய்ச் சாம்பார் சாப்பிடட்டும், அவளை வாயார வையட்டும். வேலை செய்யக் கூடாது என்று வேண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே எழுந்து குளித்தாள். இல்லத்துக்குப் போன் போட்டு விடுப்புச் சொன்னாள். சமையலறையில் நின்றபடி சுவரைக் கேட்டாள். ஆறு மணிக்கு அந்தப் பக்கம் இழுப்பறை ஒன்று திறந்து மூடியது. பிறகு இன்னொன்று. அலமாரிக் கதவு. மறுபடியும் முதல் இழுப்பறை. நாற்காலி இழுபடும் சத்தம். ஆறரைக்குக் கார் கிளம்பவில்லை. ஆறே முக்காலுக்கும் கிளம்பவில்லை. இழுப்பறைகள் மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அங்கம்மா வாடகைக் கார் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

டீச்சர் பட்டுப்புடவையில் வியர்த்து நின்றார். பொட்டு, மூக்குத்தி, பூ எல்லாம் இருந்தது. புடவையின் இடத்தோள் மடிப்பு மட்டும் குத்தாமல் சரிந்து தரையில் புரண்டது.

"அங்கம்மா, கள்ளன் வந்திட்டான். சாவியக் காணேல்லை."

"சாவி மேசைமேலதான் இருக்கு டீச்சர்."

"இல்லை. பத்துத் தரம் பார்த்திட்டன்."

"இன்னொரு தடவ பாருங்க. நீங்களா எடுத்துட்டா நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

டீச்சர் மேசைக்கு நேரே வந்து நின்றார். வலது ஓரத்திலிருந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். கைப்பை, மூக்குக்கண்ணாடி, விளக்கு. கை நடுமேசைக்கு வந்து நின்று, திரும்பி, மறுபடி வலது ஓரத்துக்குப் போனது. மூன்று முறை. ஒரு முழத்துக்கு அப்பால் சாவியின் சிவப்புக் குஞ்சத்தை ஆய்தம் முகர்ந்துகொண்டிருந்தது.

"காணேல்லை" என்று டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கம்மா பின்னால் போய் அவர் தாடையைப் பிடித்தாள். இல்லத்தில் செய்வதுபோல மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள். "இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்தாதீங்க."

சாவி இருந்தது. பூனை இருந்தது. கிண்ணம் இருந்தது.

"இது எப்ப இங்கை வந்தது?"

"நேத்துச் சாயங்காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கு. நான்தான் வெச்சேன்."

டீச்சர் சாவியைத் தொடவில்லை. "அந்தப் படத்தைத் தாரும்" என்றார். அங்கம்மா உறையிலிருந்து கடைசிப் படத்தை உருவி முன்னால் வைத்து, மறுபடியும் அவர் தலையைத் திருப்பிப் பிடித்தாள். பாதிப் பூனை, பாதி வெள்ளைத் தாள். டீச்சர் சிவப்புப் பென்சிலை எடுத்து ஒன்பதின் மேல் ஒரு கோடு இழுத்தார். வேறு மதிப்பெண் எதுவும் போடவில்லை.

அங்கம்மா அவர் புடவை மடிப்பைக் குத்திவிட்டாள். பூனைக்கு இரண்டு வேளைக்குத் தீனி வைத்தாள். எல்லாப் படங்களையும் உறையில் போட்டு, அடையாள அட்டையையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டாள். பிரவீனாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பிரேமகுமாரை நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள்.

அவசரப் பிரிவில் கூட்டம் இருந்தது. இளம் டாக்டர் ஒருவர், மலாய்க்காரப் பெண், முதலில் தலைவலி என்று எழுதிக்கொண்டார். அங்கம்மா உறையைத் திறந்து பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு படமாக மேசையில் அடுக்கினாள். டாக்டர் ஏப்ரலில் புன்னகைத்தார். ஜூனில் பேனாவை வைத்தார். ஆகஸ்டுக்கு வந்ததும் எழுந்து போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். இரண்டு பேரும் படங்களை முதலிலிருந்து பார்த்தார்கள். தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும், இப்போதே, மகன் எங்கே என்று கேட்டார்கள்.

டீச்சரைச் சக்கரப் படுக்கையில் ஏற்றி, தலைமாடு சுவரை ஒட்டும்படி நிறுத்தினார்கள். அங்கம்மா கிடைத்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கம்மா" என்று டீச்சர் கூப்பிட்டார். "அங்கம்மா எங்கை? போயிட்டாளோ?"

அங்கம்மா எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படுக்கையைச் சுற்றி வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"இங்கதான் இருக்கேன் டீச்சர்" என்றாள்.